கம்பத்தின் அடியில்

26-3-2025

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

மாசி பிறந்ததிலிருந்து நீ பேசவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமைத் தடம் தேடி நடந்துவிட்டு வேலைக்கும் போகிறவளுக்கு நேரம் இராது என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். இருந்தாலும், கூட்டத்தை விட்டுத் தனியே முன்னால் நடக்காதே. அங்கே நாய்கள் அதிகம் என்று நீதான் சொன்னாய்.

ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் படித்தபோது உன்னை நினைத்துக்கொண்டேன். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர் இழுவலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே திணறிச் சாகும் என்பது, கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு நீ சொல்லித்தான் தெரிந்தது. "செத்த ஆமையை அளக்கவா பொறியியல் படிக்கவைத்தீர்கள்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும், நாய் தோண்டுவதற்குள் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும், ஏறத்தாழ 50 நாளில் குஞ்சு வரும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். இதற்குச் சம்பளம் உண்டா என்றார். பேச்சை மாற்றிவிட்டேன். மாதத்தில் இரண்டு இரவாவது வீட்டில் தூங்கினால் என்ன?

பொங்கலன்று இரவு நீ தனியாகக் கரைக்குப் போய்விட்டு வந்து, ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டாய். மறுநாள் முதல் பேருந்துக்கே கிளம்பினாய். உடம்பு சரியில்லை போலும் என்று அம்மா நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை.

முந்தாநாள் விடியற்காலையில் நம் ஊர்க் கரையோர விளக்குக் கம்பத்தின் அடியில், தார்ச்சாலையில், ஆமைக் குஞ்சுகள் கிடந்தன. பதினேழு வரை எண்ணினேன். மற்றவை வண்டியில் நசுங்கியிருந்ததால் எண்ண முடியவில்லை. கடல் இருந்தது கிழக்கே. அவை வந்தது மேற்கே. குஞ்சுகள் வெளிச்சத்தைத்தான் கடல் என்று நம்பி நடக்கும், ஆகவே தை முதல் சித்திரை வரை இரவில் அந்த விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதினாயே, அந்தக் கடிதத்தை நான் ஊராட்சியில் எவருக்கும் காட்டவில்லை. படகு தள்ளுகிறவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அவர்களிடம் நான் கேட்கவே இல்லை. மூன்று ஆண்டு மனுக் கொடுத்து வாங்கிய விளக்கு. அடியில் இருக்கும் கல்லில் என் பெயர் இருக்கிறது. அது இருட்டில் நிற்பதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

நேற்று அவர்களிடம் போய்க் கேட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு எரிந்தால் போதும் என்கிறார்கள். அந்நேரத்திலும் குஞ்சு வெளிவருமா, கடல் பக்கத்தை மட்டும் தகரத்தால் மறைத்தால் போதுமா என்பதை எழுது; போனில் சொன்னாலும் சரி. தனியே நடக்காதே.

அப்பா