ஃபோனை எடுக்காத மனுசனும் படபடக்கும் நெஞ்சும்: ஹட்டன் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கேட்டிருப்பது ரெண்டு கேள்வி. ராத்திரியில் நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டுகிறதே, இது உடம்பு வருத்தமா, பேய்க் காத்துப் பட்டதா என்பது ஒன்று. கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போன உன் வீட்டுக்காரர் ஃபோனை எடுக்காவிட்டால் ஏன் உயிரே போகிற மாதிரி இருக்கிறது என்பது மற்றது. ரெண்டாவதுதான் பெரிய கேள்வி. ஆனாலும் உடம்பைப் பார்க்காமல் மனசைப் பற்றிப் பேசக் கூடாது.

மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதில்லை. இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். தைரொய்ட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் அதே அறிகுறிகள்தான். காலையில் வெறும் பிளேன்டியோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பத்து மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் நின்றாலும் கை நடுங்கும். அதனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஹீமோகுளோபின், தைரொய்ட், சீனி மூன்றையும் பார்க்க வேண்டும் என்று டொக்டரிடம் கேள். ஒரு ஈசீஜீயும் எடுக்கச் சொல். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதே. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். இங்கே மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் இரத்தம் ஏறவில்லை என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மயக்கம் வந்தால், அதைப் பயம் என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்து வரிசை வீடுகளுக்கு ரோட்டு மோசமென்றால் எந்தச் சந்தியில் காத்திருப்பது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சோதனை எல்லாம் சரியாக இருந்தால் உனக்கு வருவது பெரும்பாலும் பதற்றத் தாக்கம். ஆபத்து ஒன்றும் இல்லாத நேரத்தில் உடம்பு ஓடத் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, நீ வேக வேகமாக மூச்செடுக்கிறாய். அப்படி எடுக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி குறுகுறுப்பதும் உதடு மரப்பதும் தலை லேசாவதும் அதனால்தான். அதைப் பார்த்து நீ இன்னும் பயப்படுகிறாய், மூச்சு இன்னும் வேகமாகிறது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். நீ ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இஸ்தோப்புத் திண்ணையில் சுவரில் முதுகு சாய்த்து உட்கார். படுக்காதே. உள்ளே இருக்கும் மூச்சை முதலில் வெளியே விடு. பிறகு வாயை மூடி, மூக்கால் நாலு எண்ணும் வரை மெதுவாக இழு, ஆறு எண்ணும் வரை விடு. வயிற்றில் ஒரு கை வைத்தால் அந்தக் கை எழும்பி இறங்க வேண்டும். ஐந்து நிமிஷம். இதில் எல்லாரும் விடும் பிழை, "நல்லா மூச்ச இழு" என்று சொல்லிக்கொண்டு வாயால் பெரிய பெரிய மூச்சாக எடுப்பது. அது கரியமில வாயுவை இன்னும் இறக்கும், மயக்கம் கூடும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால்தான் இதயம் அடங்கும். பையை மூக்கில் வைத்து மூச்செடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது வேண்டாம், ஆபத்து. நன்றாக இருக்கும் நாளிலும் காலை மாலை இதைப் பழகு. பழகாத மூச்சு அந்த நேரத்தில் கைகொடுக்காது.

மாமியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வை: "எனக்கு அப்பிடி வந்தா பக்கத்துல உக்காந்தா போதும். ஆளுகளக் கூப்பிட வேணாம்." பாதி லயம் கூடி நின்று, ஒருத்தி தண்ணி தெளித்து, ஒருத்தி காலைப் பிடித்து, ஒருத்தி தேசிக்காயை மூக்கில் வைத்தால் நல்ல ஆளுக்கே மூச்சு முட்டும்.

கயிறு கட்டியதைப் பற்றியும் எழுதியிருந்தாய். மாடசாமி கோயிலில் கட்டிய கயிறு மனசைக் கொஞ்சம் இறக்கினால் இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மை போட்டுப் பார்த்து "இன்னார் செய்வினை வச்சிருக்காங்க" என்று சொல்கிறவரிடம் மறுபடி போகாதே. அவர் உன் பயத்துக்கு அடுத்த வீட்டுக் காம்பராவில் ஒரு முகத்தைக் காட்டிவிடுகிறார். அதன்பிறகு தினமும் தண்ணி எடுக்கும் பீலியில் அந்த முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கும். காசு போவது வேறு.

இன்னொன்று, நீ தேயிலைக்குள்ளேயே வாழ்கிறவள். சாயம் கூடிய தேத்தண்ணி மதியத்துக்குப் பிறகு வேண்டாம். அதிலுள்ள கஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகும் உடம்பில் இருக்கும். ஆறு மணிக்குக் குடித்துவிட்டு, பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடிக்கிறது என்றால் பாதிக் காரணம் கோப்பைக்குள்தான்.

இனி ஃபோன்.

அவர் எடுக்கவில்லை. உனக்கு வயிற்றைப் பிசைகிறது. மறுபடி அழைக்கிறாய். ஒரு மணி நேரம் கழித்து அவர் "ஹலோ" என்றதும் நெஞ்சு இறங்குகிறது. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கிறது? வைத்த கொஞ்ச நேரத்தில் "குரல் ஒரு மாதிரி இருந்துச்சே" என்று அடுத்தது தொடங்குகிறது. ஒவ்வொரு தடவை நிம்மதி கிடைக்கும்போதும், "அழைத்ததால்தான் தப்பித்தோம்" என்று மனசு படித்துக்கொள்கிறது. அழைக்காமல் இருந்தாலும் பயம் இறங்கும் என்பதைப் படிக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால்தான் ரெண்டு அழைப்பு ஐந்தாகி, ஐந்து இருபதானது.

அந்தப் பக்கத்தையும் பார். ஹோட்டல் குசினியில் ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை தலை நிமிர நேரம் இருக்காது. முதலாளி கண் முன்னால் ஃபோனைத் தொட முடியாது. வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால் இருபது மிஸ்ட் கோல். முதலில் பயப்படுவார், பிள்ளைக்கு என்னமோ என்று. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபம் வரும். நாலாவது நாள் ஃபோனை நிறுத்தி வைப்பார். உன் பயத்துக்கோ அதுவே ஆதாரமாகிவிடும்.

இதை உடைக்க ரெண்டு பேரும் சேர வேண்டும். வேலை முடிந்ததும், பத்தரை என்றால் பத்தரைக்கு, பதினைந்து நிமிஷப் பேச்சு நிச்சயம். ராத்திரி வேலை தொடங்கும் முன்னால் அவரிடமிருந்து "வேலைக்குப் போறேன்" என்று ஒரே ஒரு மெசேஜ். அவசரத்துக்குத் தனி அடையாளம்: அடுத்தடுத்து ரெண்டு ரிங், பிறகு "அவசரம்" என்று எழுத்தில். அந்த அடையாளத்தைப் பிள்ளைக்குக் காய்ச்சல், மண் சரிவு எச்சரிக்கை போன்றதற்கு மட்டும் வைத்துக்கொள். ஒரு தடவை சும்மா பாவித்தால் அதன் மதிப்புப் போய்விடும். மழைக்காலத்தில் சிக்னல் போகும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். ஜூன் ஜூலையில் ஹட்டன் பக்கம் டவர் இல்லாமல் போன ராத்திரிகளில் எத்தனை சண்டை தொடங்கியிருக்கும்!

உன் பங்கு, தள்ளிப் போடுவது. அழைக்க வேண்டும் என்று வந்தால் முதல் வாரம் பத்து நிமிஷம் தள்ளு. அடுத்த வாரம் இருபது. பிறகு நாற்பது. ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தால் மூன்றாம் நாள் உடைந்து முப்பது தடவை எடுப்பாய். அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கு வேலை கொடு: மாவு பிசை, பிள்ளையின் யூனிஃபோர்மை மடி. ஒரு கொப்பியில் நாலு விஷயம் எழுது: நேரம், பயம் என்ன சொன்னது, பத்துக்கு எத்தனை பயம், கடைசியில் என்ன நடந்தது. ரெண்டு வாரம் கழித்து, கடைசியில் என்ன நடந்தது என்று எழுதியதை மட்டும் வாசித்துப் பார்.

களவாக நுழையும் வழிகளையும் கவனி. வட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்ப்பதும் அழைப்புதான். அவரோடு ரூமில் இருக்கும் பையனுக்கு எடுப்பதும் அழைப்புதான். "அவரு நல்லாத்தான இருப்பாரு மாமி?" என்று பத்துத் தடவை கேட்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

பேசும் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் "நீங்க எப்பவும் இப்பிடித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் பயமா வருது. மெசேஜ் ஒன்னு வந்தா இறங்கும்" என்று சொல்லிப் பார். என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். காசுப் பேச்சுக்கு வேறு நாள் வையுங்கள். அவர் குடித்திருந்தால் அன்று வெறும் நலம் விசாரிப்போடு வைத்துவிடு. பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்த முதல் ராத்திரியிலேயே ஒரு மாசத்துக் கணக்கையும் அவிழ்க்காதே. மனுசன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பார்.

இதெல்லாம் பயம் பொய் சொல்லும் இடத்துக்குத்தான். அவர் அடித்தால், மிரட்டினால், காசை நிறுத்தி உன்னைக் கட்டுப்படுத்தினால், அங்கே மூச்சுப் பயிற்சிக்கு வேலை இல்லை. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மகளிர் உதவி இலக்கம் 1938. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள்.

தனிமை பற்றி நீ எழுதியது எனக்கு ஆச்சரியமில்லை. லயத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும் இடத்தில் யார் மனசு விட்டுப் பேசுவார்கள்? அதனால் எல்லாப் பாரத்தையும் அந்த ஒரு ஃபோனில் ஏற்றிவிட்டாய். பிரித்து வை. காது கொடுக்க ஒருத்தி: அவள் உன் லயத்தில் இல்லாதவளாக இருப்பது நல்லது, வேறு டிவிஷனுக்கு வாழ்க்கைப்பட்ட பள்ளிக்கூடச் சிநேகிதி மாதிரி. ராத்திரியில் கதவு தட்டினால் வர ஒருத்தி: பக்கத்துக் காம்பரா அக்கா, அவளுக்குக் கதை முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. சும்மா கூட இருக்க ஓரிருவர்: கொழுந்து நிரையில் பக்கத்தில் நிற்பவள், கோயில் பஜனைக்கு வருகிறவள். முகம் தெரியாத ஃபேஸ்புக் நண்பர் இந்த மூன்றில் எதற்கும் ஆகமாட்டார். நீ எழுதியது படமாகி வேறு கைக்குப் போனால் திருப்பி எடுக்க முடியாது.

கேட்கும்போது அளந்து கேள்: "அக்கா, பத்து நிமிசம் சொல்றத கேளுங்க. புத்தி சொல்ல வேணாம்." இப்படிச் சொல்லாவிட்டால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான", "புள்ள மூஞ்சியப் பாத்து மனச தேத்திக்க" என்று முடித்துவிடுவார்கள். அவர்களுக்கும் வேறு தெரியாது. இடம் வீடு வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து திரும்பும் ரோட்டில் நடந்துகொண்டே பேசலாம். முகம் பார்க்காமல் நடக்கும்போது அழுகையும் பேச்சும் லேசாக வரும். வாரத்துக்கு ரெண்டு தடவை போதும், தினமும் அதே கதை என்றால் அவளும் களைத்துவிடுவாள்.

ரெண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் வராவிட்டால், வேலைக்குப் போகவே முடியாவிட்டால், ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் எந்த நாள் என்று கேட்டுப் போ. அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. ஃபுளுவொக்ஸெட்டின், சேர்ட்ரலின் மாதிரியான மாத்திரை தந்தால் வேலை செய்ய ரெண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டும், பதற்றம் கொஞ்சம் கூடவும் கூடும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சுகமான பிறகும் ஆறு மாசமாவது தொடர வேண்டும், நிறுத்துவதை டொக்டர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சியின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதே. டயஸபாம் அன்றைக்குத் தூங்க வைக்கும், சில வாரத்தில் அது இல்லாமல் தூங்க முடியாமல் செய்யும்.

செத்தால் நல்லது என்று உன் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய். நான் தாண்டவில்லை. அந்த நினைப்பு பெரும்பாலும் அலையாக வந்து கொஞ்ச நேரத்தில் வடியும். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சி மருந்துகளைத் தடை செய்யச் செய்ய அது பெரிதும் குறைந்தது. விஷம் எட்டாத தூரத்தில் இருந்ததே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. ஆகவே மரக்கறித் தோட்டத்து மருந்து, மிச்ச மாத்திரை எதுவும் உன் காம்பராவில் இருக்கக் கூடாது. இன்றைக்கே பக்கத்து அக்காவிடம் கொடுத்து வை. நினைப்பு வந்தால் தனியாக இருக்காதே, 1926க்கு எடு. அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். சிங்களத்தில் பதில் வந்தால் பயந்து வைத்துவிடாமல் "தெமளென் கதா கரன்ன புளுவன் கெனெக் இன்னவாத?" என்று கேள். தமிழ் பேசும் ஆள் இருக்கிறாரா என்று அர்த்தம். செய்துவிடுவோமோ என்ற நிலை வந்தால் இலக்கம் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு, யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், தெரியும். அதனால் இரத்தச் சோதனையையும் அதே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேள். கொப்பியைக் கொண்டுபோ. எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், என்ன மருந்து போடுகிறாய் என்று மூன்று வரியை முதல் பக்கத்திலேயே எழுதி வை. வரிசையில் நின்று உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

இந்தக் கடிதத்தில் மூச்சுப் பகுதியை மாமிக்கு வாசித்துக் காட்டு. ஃபோன் பகுதியை அவருக்கு அனுப்பு. மெசேஜாக அனுப்பாமல், அவர் லீவு நாளில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நீயே வாசித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அக்கா