பந்தயச் செய்தியில் சொல் பிசகுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் முடிந்ததும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா (மாட்டுவண்டிப் பந்தயம்) செய்திகள் வரிசைகட்டும். ‘வண்டிகள் ஒன்றையொன்று முந்திச் சீறிப் பாய்ந்தன’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அது சிவகங்கை, தூத்துக்குடிப் பந்தயம். அங்கே வண்டிகள் சேர்ந்து கிளம்பி மைல் கணக்கில் சாலையில் ஓடும். கொங்கில் ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரிவுகள். குறைந்த நேரத்தில் எல்லையைத் தொட்ட மாட்டுச் சோடிக்குப் பரிசு. இங்கே முந்துவது கடிகாரத்தை. ஆகவே அச்சிட வேண்டியது விநாடிக் கணக்கு, தசமப் புள்ளியோடு. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் போட்டால் மாடு வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மற்றப் பந்தயங்களிலும் இப்படித்தான். கோவை அருகே செட்டிபாளையம் கார் பந்தயத்தில் ‘போல் பொசிஷன்’ என்பது பரிசு அல்ல. தகுதிச்சுற்றில் வேகமாக ஓட்டியவர் முதல் இடத்திலிருந்து புறப்படும் உரிமை. தடகளத்தில் ‘ஹீட்’ முதற்கட்டச் சுற்று, வெப்பம் அல்ல.

‘பந்தயம் கட்டினார்’ என்றால் பணம் வைத்துச் சூதாடினார் என்றே ஊரில் பொருள். நுழைவுக் கட்டணம் செலுத்திய வண்டிக்காரரை அப்படி எழுதினால், பாவம், காவல் நிலையத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ரேக்ளா ஆர்வலர்கள்,
பொள்ளாச்சி.