ஆர்டர் வந்தது, கணக்கில் ஏறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனக் கம்பெனிகளுக்கு ரப்பர் பாகம் செய்துகொடுக்கும் கப்பலூர் ஆலைகளுக்கு ஈடிஐ (ஆர்டர், பில் போன்றவற்றைக் கணினியிலிருந்து கணினிக்கே அனுப்பும் முறை) வழியாகவும் ஆர்டர் வருகிறது. அதைத் திரையில் பார்த்து டேலி கணக்கு மென்பொருளிலோ, ஸ்டோர், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் ஈஆர்பி மென்பொருளிலோ மறுபடி தட்டச்சு செய்வதென்றால் ஈடிஐ இருந்தும் பயனில்லை. இரண்டையும் இணைத்தே ஆகவேண்டும். ஆனால் மென்பொருள் வாங்குமுன் நம் பொருள் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் இடறுகிறது.

கம்பெனியின் பாக எண் 00451207 என்று இருக்கும். எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தால் முன்னாலுள்ள இரண்டு பூஜ்ஜியமும் போய்விடும். பிறகு அந்த எண் எதனோடும் பொருந்தாது. அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணை ஏற்ற வேண்டும். அலகும் அப்படியே. கம்பெனி கேட்பது 500 எண்ணம், நம் ஸ்டோரில் கணக்கு நூறு எண்ணம் கொண்ட பையில். மாற்றுவிகிதம் கொடுக்காவிட்டால் 500 பை என்று பதிவாகி, 50,000 ரப்பர் புஷ்ஷுக்கு உற்பத்தி உத்தரவு போய்விடும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது 'டெல்ஃபார்' எனும் விநியோக அட்டவணை. பல கம்பெனிகள் அதில் தருவது புது ஆர்டர் அல்ல, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிவந்த மொத்தம். இம்மாத இறுதிவரை தேவை 12,500, பெற்றுக்கொண்டது 11,000 என்று வந்தால் மீதி 1,500 என்று மென்பொருள் சொல்லும். நேற்றிரவு ஒரகடத்திலுள்ள கம்பெனிக்குக் கிளம்பிய லாரியில் 500 இருக்கிறதே! அது அங்கே இறங்கி வரவு வைக்கும்வரை அவர்கள் கணக்கில் வராது. உண்மையில் செய்யவேண்டியது 1,000 தான். ஆகவே அட்டவணையிலுள்ள கடைசி டெலிவரி சலான் எண்ணைப் பார்த்து, அதற்குப் பின் அனுப்பியதைக் கழிக்கும்படி இணைப்பை அமைக்கச் சொல்லுங்கள். புதிய அட்டவணை வந்தால் பழையது ரத்தாக வேண்டும். அதன்மேல் கூடக்கூடாது. அவர்களுடைய ஆண்டு ஜனவரி 1-ல் தொடங்கினால் அன்றே இந்த மொத்தம் பூஜ்ஜியமாகும். நம் ஏப்ரல் 1-ஐ அதோடு குழப்பினால் கணக்கு தப்பாகவே ஓடும்.

ஏஎஸ்2 (ஈடிஐ கோப்பை இணையம் வழியே பாதுகாப்பாக அனுப்பும் முறை) ரசீது வந்ததும் ஆர்டர் உறுதி என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அந்த ரசீது கோப்பு போய்ச் சேர்ந்ததற்கு மட்டுமே. 'கன்ட்ரோல்' எனும் பதில் செய்தி கோப்பின் அமைப்பு சரி என்பதற்கு. ஆர்டரை ஏற்றோம் என்பதற்குத் தனிச் செய்தி உண்டு. அதையும் அனுப்ப வேண்டும். ஏஎஸ்2 சான்றிதழ் காலாவதியாகும் தேதியை ஒரு மாதம் முன்பே குறித்துவையுங்கள். அது தெரியாமல் முடிந்துபோனால் எல்லாமே நின்றுவிடும்.

பெட்டிகளை லாரியில் ஏற்றி லேபிளை ஸ்கேன் செய்து முடித்தபின், லாரி கிளம்புமுன், எந்தப் பெட்டியில் என்ன வருகிறது என்று சொல்லும் அனுப்புகை அறிவிப்பு கம்பெனிக்குப் போகவேண்டும். முன்கூட்டியே அனுப்பிவிட்டு ஒரு பெட்டியை மாற்றினால் 18 இலக்க லேபிள் எண் அங்கே பொருந்தாது, சரக்கை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஜிஎஸ்டி மின்னணு விலைப்பட்டியல் தனி வேலை, ஈடிஐ அதற்கு ஈடாகாது. இரண்டிலும் பில் எண் ஒன்றாக இருக்கட்டும், 16 எழுத்துக்குள், பூஜ்ஜியத்தில் தொடங்காமல்.

ஒரு மாதமாவது பழைய முறையையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் ஈடிஐ கோப்பில் 'இது சோதனை' என்று காட்டும் குறியை எடுக்க மறக்கவேண்டாம். அது இருக்கும்வரை நீங்கள் அனுப்பும் பில்லை அவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

மாவட்டத் தொழில் மையம் கப்பலூரிலேயே இதற்குப் பயிற்சி நடத்த வேண்டும். முதலாளிகளை மட்டும் அழைக்காமல், ஸ்டோர் கணக்கரையும் டெஸ்பாட்ச் பொறுப்பாளரையும் அழைக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திருமங்கலம்