இழை கண்டபடி அறுவதில்லை

ஆசிரியருக்கு,

மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் கருவியான திணிவு நிறமாலைமானிக்குள் டி.என்.ஏ. இழை கண்ட இடத்தில் உடையும் என்று உங்கள் விஞ்ஞானப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

மறையேற்றம் (எதிர் மின்னேற்றம்) பெற்ற குறும் டி.என்.ஏ. இழை கருவிக்குள் வாயு மூலக்கூறுகளோடு மோதும்போது முதலில் கழன்று போவது பெரும்பாலும் ஒரு மூலம், அதாவது டி.என்.ஏ.யின் 'எழுத்து'களில் ஒன்று. அடினைன், குவானின், சைற்றோசின் கழரும். தைமின் லேசில் விடாது. அப்புறம், மூலத்தை இழந்த வெல்லத்தின் (இழையின் சர்க்கரைப் பகுதியின்) 3ஆம் காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலான பிணைப்பு அறும். இத்துண்டுகளுக்கு 1992இல் மக்ளக்கி என்ற விஞ்ஞானியின் குழுவினர் எழுத்துப் பெயர்கள் வைத்தார்கள். துண்டுகளின் திணிவு வித்தியாசத்தை வைத்துத்தான் மூலங்களின் வரிசையை வாசிக்கிறார்கள். கண்டபடி உடைந்தால் வாசிப்பது எப்படி?

அந்தப் பக்கத்தில் வந்த படத்தையும் திருத்திப் போடுங்கள். அதில் தைமின்தான் முதலில் பறக்கிறது!

இரசாயனவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி