கடற்கழுகைக் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜார்ஜ்டவுனில், ஃபைவ் ஐலண்ட்ஸ் படகுத்துறையில் நின்று ஸ்டெல்லர் கடற்கழுகைக் கண்குளிரப் பார்த்துவிட்டு நல்லபடியாக பாஸ்டன் திரும்பிவிட்டோம். அங்கேயே ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். அந்தக் குளிரில் வாய் எழும்பவில்லை. அதனால் இந்த மடல்.

ஒரு பறவைக்காக இவ்வளவு தூரமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரஷ்யாவின் கம்சட்காவும் ஒகோட்ஸ்க் கடற்கரையும்தான் இதன் ஊர். குளிர்காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ வரை வரும். உலகத்தில் மொத்தமே சில ஆயிரம்தான் இருக்கின்றன. அதில் ஒன்று 2020இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. மறு வருடம் கனடாவின் கிழக்குக் கரை வரை வந்துவிட்டது. டிசம்பரில் மாசசூசெட்ஸின் டான்டன் ஆற்றில் இருப்பதாகச் சேதி வந்தது, எங்களுக்கு எட்டும் தூரம்தான். நாங்கள் கிளம்புவதற்குள் பறந்துவிட்டது. டிசம்பர் 30 அன்று ஜார்ஜ்டவுனில் கண்டுபிடித்தார்கள். இறக்கையின் வெள்ளைத் திட்டுகளைப் படங்களில் ஒப்பிட்டு, அதே பறவைதான் என்றும் உறுதி செய்தார்கள். அந்தப் படங்களை எடுத்துப் பகிர்ந்தவர்களுக்கும், விவரங்களை உடனுக்குடன் தெரிவித்த மெய்ன் ஆடுபான் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கும் முதல் நன்றி.

போர்ட்லாந்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. முதல்நாள் இரவு தங்க இடம், மகளுக்குப் பனிக்காலணி, விடியற்காலையில் புளியோதரை, ஃபிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி. அந்தக் காப்பி படகுத்துறையில் பல கை மாறியது. இஞ்சிக் காரம் தாங்காமல் இருமியவர்களும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

சிங்கி இறால் பிடிக்கும் ஃபைவ் ஐலண்ட்ஸ் மீனவர்களுக்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். அது அவர்கள் பிழைக்கும் இடம். எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த நாங்கள் வழியெல்லாம் டெலஸ்கோப் முக்காலிகளை நட்டு வைத்திருந்தோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. லாரி வரும்போது மட்டும் ஒதுங்கச் சொன்னார்கள். படகிலிருந்து இறங்கிய ஒருவர், மக்மஹான் தீவுப் பக்கம் கையைக் காட்டி, "உங்க ஆள் அங்க இருக்கார்" என்றுவிட்டுப் போனார். அத்தனை டெலஸ்கோப்பும் அந்தப் பக்கம் திரும்பியது.

ஓஹையோவிலிருந்து வந்திருந்த பெரியவரை மறக்க முடியாது. என் மகளுக்கு எட்டவில்லை என்று பார்த்ததும், சரியாகப் பொருத்தி வைத்திருந்த முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறக்கினார். மூச்சுப்பட்டு லென்ஸில் ஆவி படிந்தபோது தன் கழுத்துத் துண்டின் நுனியால் துடைத்துவிட்டார். அப்புறம் மற்ற எல்லோரும் மண்டி போட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நானும் போட்டேன். பைன் மரத்து உச்சியில் வெள்ளைத் தோள், கோடரி மாதிரி ஆரஞ்சு மஞ்சள் அலகு. பக்கத்தில் வந்து உட்கார்ந்த வெண்தலைக் கழுகு குஞ்சோ என்று தோன்றியது. ஒன்பது கிலோ வரை எடை வரும் என்று படித்திருந்தேன்; படித்ததற்கும் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை. நாலு மணிக்கே இருட்டும் ஊரில், வெளிச்சம் போகும்வரை அந்தப் பெரியவர் முக்காலியின் உயரத்தை மாற்றவில்லை.

அண்ணி, ஃபிளாஸ்க் இங்கேதான் இருக்கிறது, மூடியைத்தான் காணோம். யாராவது எடுத்து வைத்திருந்தால் சொல்லுங்கள். பாஸ்டன் பக்கம் பறவை பார்க்க வந்தால் உங்கள் எல்லோருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அன்புடன்,
மகளுக்கும் சேர்த்து ஓர் அப்பா