65 சதவீதத்தில் நிற்கும் தொட்டி மட்டம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் மகிழ்ச்சி. பணி ஓய்வு பெற்ற பிறகும் மில்லி ஆம்பியர் கணக்குப் போட வைப்பவன் நீ ஒருவன்தான். எனக்கும் அது வேண்டியிருக்கிறது.

தொட்டியின் மட்டம் 65 சதவீதத்தைத் தாண்டிக் காட்ட மறுக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் சரியாக இருக்கிறது, மட்டத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்றியிருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். கீழ்ப் பகுதியில் ஒழுங்காக அளந்துவிட்டு, மேலே போகும்போது மட்டும் ஓரிடத்தில் முட்டி நிற்கிற லூப்பில் (சப்ளை, டிரான்ஸ்மிட்டர், கார்டு எல்லாம் தொடராக இணைந்த மின்சுற்றில்) நான் முதலில் சந்தேகப்படுவது மின்னழுத்தப் பற்றாக்குறையைத்தான்.

கணக்கைப் போட்டுப் பார். மட்டம் 0 சதவீதம் என்றால் லூப்பில் 4 மில்லி ஆம்பியர், 100 சதவீதம் என்றால் 20. சப்ளை 24 வோல்ட். சப்ளையையும் சிக்னலையும் ஒரே இரு கம்பிகளில் கொண்டுசெல்லும் உன் டூ வயர் டிரான்ஸ்மிட்டருக்கு அதன் முனைகளில் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. மிஞ்சுகிற 12 வோல்ட்டைக் கொண்டு 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால், லூப்பில் உள்ள மற்ற மின்தடைகள் எல்லாம் சேர்ந்து 600 ஓமைத் தாண்டக் கூடாது. மின்னோட்டத்தைப் படிக்கும் உள்ளீட்டு கார்டில் 250, வெடிக்கும் வாயு இருக்கக்கூடிய அபாயப் பகுதிக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் பேரியரில் 300, கேபிளில் ஏறத்தாழ 30, ஆக 580. மயிரிழையில்தான் என்றாலும் இதுவரை போதுமானதாக இருந்திருக்கிறது. இப்போது நீ அதே லூப்பில் தொடராகச் சேர்த்த, அளவைப் பதிவுசெய்யும் ரெக்கார்டருக்குள்ளும் 250 ஓம் இருக்குமானால் மொத்தம் 830 ஆகிவிடும். 12-ஐ 830-ஆல் வகுத்தால் சுமார் 14.5 மில்லி ஆம்பியர். அதிலிருந்து 4-ஐக் கழித்து, மீதியை 16-ஆல் வகுத்தால் கிடைப்பது உன்னுடைய அந்த 65 சதவீதமே.

நம்புவதற்கு முன் அளந்து பார். கன்ட்ரோலரை மேனுவலில் வைத்து, அந்த மட்டத்தோடு இணைந்த டிரிப் (தானாக நிறுத்தும் பாதுகாப்பு) ஏதேனும் இருந்தால் உரிய அனுமதியோடு அதை பைபாஸ் செய்துவிட்டு, ஹார்ட் கம்யூனிகேட்டர் (டிரான்ஸ்மிட்டருக்குக் கட்டளையிடும் கையடக்கக் கருவி) மூலம் டிரான்ஸ்மிட்டரை 20 மில்லி ஆம்பியர் அனுப்பச் சொல். அப்போது அதன் முனைகளில் உள்ள வோல்ட்டேஜைப் பார். அது 12-க்கு அருகில் சரிந்து, சில கருவிகளில் நடப்பதுபோல் காட்சித்திரையே அணைந்து எரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. மின்னோட்டத்தை அறிய லூப்பைத் துண்டிக்க வேண்டியதும் இல்லை. கார்டின் 250 ஓம் மின்தடைக்குக் குறுக்கே 1 முதல் 5 வோல்ட் வரை வரும். உன் சிக்கலில் அது சுமார் 3.6-ல் நின்றுவிடும்.

தீர்வு என்று சப்ளையை உயர்த்திவிடாதே. பேரியருக்கென்று ஒரு வரம்பு உண்டு, அபாயப் பகுதியில் அதோடு விளையாடக் கூடாது. ரெக்கார்டரைத் தொடரிலிருந்து எடுத்து, அதில் 1–5 வோல்ட் உள்ளீடு இருந்தால் அந்த 250 ஓமின் குறுக்கே இணைத்துவிடு. இல்லையென்றால் சிக்னலை மின்தொடர்பின்றி நகலெடுத்துத் தரும் சிக்னல் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டுத் தனியாகப் பிரித்துக் கொடு.

மழைக்குப் பிறகு கூடுதலாகக் காட்டுகிறது என்று நீ எழுதிய அந்த அழுத்தமானியின் கதை வேறு. அதன் கம்பிகள் இணையும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார். இரு டெர்மினல்களுக்கும் நடுவே ஈரத்தோடு பச்சை நிறப் பொருக்கு படிந்திருந்தால், டிரான்ஸ்மிட்டர் அனுப்பாத மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து கார்டில் சேர்ந்துகொள்ளும். டிரான்ஸ்மிட்டர் 4 அனுப்ப, கார்டு 4.6 காட்டும். மின்னோட்டம் ஏற ஏற டிரான்ஸ்மிட்டர் பக்கத்து வோல்ட்டேஜ் இறங்குவதால் இந்தக் கசிவும் குறையும். எனவே பிழை கீழ் அளவில் அதிகமாகவும் மேல் அளவில் குறைவாகவும் இருக்கும். இதை உறுதிசெய்ய டிரான்ஸ்மிட்டர் முனையில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு கார்டைப் பார்த்தால் போதும். பூஜ்யம் வர வேண்டும். மீதம் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் கசிவுதான். இதை அறியாமல் ஜீரோ டிரிம் (பூஜ்யப் புள்ளியைத் திருத்துதல்) செய்து சரிக்கட்டிவிட்டால், வெயில் வந்து பெட்டி காய்ந்ததும் அளவு எதிர்ப்பக்கம் சாயும். உன் பையன்கள் ஏற்கெனவே டிரிம் செய்திருந்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல். பெட்டியில் கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டையும், மூடியின் கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்.

20 மில்லி ஆம்பியரில் வந்த வோல்ட்டேஜையும், ரெக்கார்டரின் உள் மின்தடையையும் குறித்து அனுப்பு. உள் மின்தடை 250-ஆக இல்லையென்றால் கணக்கை மறுபடி போடுவோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்