நாய்க்கு இறைச்சி போடுங்கள், அவித்துப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வீட்டு நாய்க்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டு முழுக்கப் பச்சை இறைச்சிக்கு மாற்றுகிற பழக்கம் இப்போது மட்டக்களப்புப் பக்கமும் வந்துவிட்டது. கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடுகளில் மாற்றினார்கள். முதலில் மாற்றியவள் நான். மற்ற இரண்டு வீட்டாரும் என்னைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். அதனால் நடந்ததை நானே எழுதுவதுதான் முறை.

அரச வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இரத்தம், சிறுநீர், சளி, மலம், இவைதான் என் தொழில். எங்கள் நாய் ரெக்ஸுக்கு ஐந்து வயது. அல்சேஷன் கலப்பு, 24 கிலோ. குட்டியில் வந்த நாளிலிருந்து நாங்கள் சாப்பிடுவதைத்தான் அவனும் சாப்பிட்டான். சோறு, கீரி மீன் தலை, மிஞ்சின ஆணம். போன வருடம் மாரி முடிந்த கையோடு அவனுக்குச் சொறி தொடங்கியது. வாலடியில் மயிர் கொட்டித் தோல் சிவந்து, இரவெல்லாம் கடித்துக்கொண்டே இருந்தான்.

மெல்பேர்னில் இருக்கிற என் தம்பியின் மகன் அதை வீடியோவில் பார்த்துவிட்டு, "மாமி, நீங்க சோறு போடுறதாலதான் இது. நாய் ஓநாய்ட இனம். பச்சை இறைச்சியும் எலும்பும்தான் அதுக்குரிய சாப்பாடு" என்றான். அவன் வீட்டில் இரண்டு நாய்கள், இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. "சரி மனே" என்றேன்.

இது அவன் கண்டுபிடித்ததல்ல. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய மிருக வைத்தியர் 1993இல் எழுதியதிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கருத்து. இன்று பலர் பின்பற்றுகிற கணக்கு, நூற்றுக்கு 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு வேறு உள்ளுறுப்பு. ஒரு நாளைக்கு நாயின் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு. ரெக்ஸுக்கு 600 கிராம் என்று கணக்குப் போட்டேன். 480 கிராம் சதை, 60 கிராம் எலும்பு, ஈரல் 30, மற்றது 30. ஆய்வுகூடத்தில் இருந்தவளுக்கு நிறுத்துப் போடுவது கஷ்டமில்லை. சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

முதல் மூன்று கிழமை சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மலம் பாதியாகக் குறைந்து, இறுக்கமாக, நாற்றமில்லாமல் போனது. மயிரிலும் ஒரு மினுக்கம் தெரிந்தது. தட்டைக் கண்டால் ரெக்ஸ் துள்ளினான். இந்தக் கட்டத்தில்தான் பக்கத்து வீடுகளுக்கும் சொன்னேன்.

பிறகு சதையின் விலை தாங்கவில்லை. கோழிக் கடையில் கழுத்தும் முதுகெலும்பும் மலிவாகக் கிடைத்தன. எல்லாரும் அங்கேதான் வந்து நிற்போம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் மாதம் முழுக்க நாய்க்கு 480 கிராம் சதை வாங்கக்கூடிய குடும்பம் எத்தனை? கழுத்து என்றால் பாதிக்கு மேல் எலும்பும் தோலும். என் கணக்கில் 10 பங்காக இருந்த எலும்பு எனக்குத் தெரியாமலே ஏறிவிட்டது. ஐந்தாவது கிழமை ரெக்ஸ் முற்றத்து மணலில் முக்கிக்கொண்டு நின்றான். கடைசியில் வந்தது வெள்ளை வெளேரென்று காய்ந்த சுண்ணாம்புக் கட்டி. ஈர்க்கால் தட்டினேன், பொடியாக உதிர்ந்தது. எலும்பு கூடினால் அப்படித்தான் ஆகும். இன்னும் கூடியிருந்தால் குடல் அடைத்திருக்கும்.

அதற்கும் ஒரு கிழமைக்கு முன்பு ஒரு காலையில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். தண்ணீர் அள்ளப் போனவர், கிணற்றுக் கட்டில் ஒரு கோழிக் கழுத்து கிடக்கிறது என்றார். ரெக்ஸின் தட்டிலிருந்து காகம் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டது. கட்டைக் கழுவி விட்டேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

என் பேத்திக்கு அப்போது பதினான்கு மாதம். தரையில் தவழ்ந்து, ரெக்ஸின் காதைப் பிடித்துத்தான் எழும்பி நிற்பாள். அவன் அவள் முகத்தை நக்குவான். அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து, இரண்டாம் நாள் மலத்தில் இரத்தம் கண்டது. வாட்டில் வைத்து சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை, என்னோடு முன்பு வேலை செய்த தங்கச்சி ஒருத்தி போன் எடுத்தாள். "அக்கா, கறுப்புத்தான் வளர்ந்திருக்கு" என்றாள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். மல மாதிரியை, கிருமி வளர்க்கிற சிவப்பு ஊடகம் ஊற்றிய தட்டில் கோடு கோடாக இழுத்து, 37 பாகையில் ஒரு இரவு வைப்போம். சல்மனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி இருந்தால் காலையில் சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள் முளைத்திருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு, மீன் கண் மாதிரி. எத்தனையோ பிள்ளைகளின் தட்டுகளில் அந்தக் கண்ணைப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையின் தட்டிலும் அது வந்தது.

நாயால்தான் வந்தது என்று நான் எழுத மாட்டேன். ரெக்ஸின் மலத்தை எடுத்து யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் மனிதருக்கும் கோழி சமைக்கிறோம், முட்டையிலும் அது வரும். ஆனால் பச்சைக் கோழிக் கழுத்தைத் தினமும் வீட்டுக்குள் கொண்டுவந்து, அதைத் தின்ற வாயைப் பிள்ளையின் முகத்தருகே விட்டவள் நான்தான். கடவுள் புண்ணியத்தில் ஆறு நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நாய்க்கு ஒன்றும் செய்யவில்லையே, நாய் நல்லாத்தானே இருக்கு" என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். 2007இல் கனடாவில் வெளியான ஆய்வொன்றில், சல்மனெல்லா இருந்த பச்சை உணவைத் தின்ற 16 நாய்களில் ஏழு அந்தப் பற்றீரியாவை மலத்தில் கழித்தன. ஒரு நாய்க்கும் நோய்க்குறி இல்லை. நாய் நன்றாக இருக்கும்போதே முற்றத்திலும் விறாந்தையிலும் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். பின்பக்கத்தை நக்கின அதே நாக்கால் பிள்ளையையும் நக்கும்.

பெட்டியில் அடைத்து விற்பது சுத்தமாக இருக்கும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010க்கும் 2012க்கும் இடையில் பச்சைச் செல்லப்பிராணி உணவு 196 மாதிரிகளைச் சோதித்தது. 15இல் சல்மனெல்லா, 32இல் லிஸ்டீரியா. இந்த லிஸ்டீரியா கர்ப்பிணித் தாய்க்கு இலேசான காய்ச்சலாக வந்து, வயிற்றுப் பிள்ளையைக் கொண்டுபோய்விடக் கூடியது. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கமும் 2012இலேயே பச்சை உணவு வேண்டாம் என்று நிலைப்பாடு எடுத்துவிட்டது. குளிர்ப்பெட்டியில் உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று என் மெல்பேர்ன் மருமகன் நம்பினான். சல்மனெல்லா உறைந்து கிடக்கும், முழுதாகச் சாகாது. இளகினதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அவனுடைய வீட்டில் நாய்க்கென்றே தனி உறைபெட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே பெட்டிதான், கோழிக் கழுத்துப் பைக்குக் கீழ்த்தட்டில் பிள்ளையின் பால். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில், பெட்டிக்குள் இருந்த இறைச்சியின் தண்ணீர் கீழே சொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே வைத்தால் நம்முடைய வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமி இரட்டிப்பாகும்.

இதைவிட எனக்குப் பயமான ஒன்று இருக்கிறது. கோழியோடு நிற்காமல், மலிவுக்காக ஆட்டு ஈரல், மாட்டு நுரையீரல், குடல் என்று பச்சையாக வாங்கிப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில வேளை தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். அது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், நாயின் குடலில் சில மில்லிமீற்றர் நீளமான புழுவாக வளர்ந்து முட்டை போடும். முட்டை மலத்தோடு வந்து நாயின் மயிரில் ஒட்டும். நாயைத் தடவின கையை வாயில் வைக்கிற பிள்ளையின் ஈரலில் அதே நீர்க்கட்டி மெதுவாக வளரும், வருடக் கணக்கில் வெளியே தெரியாமல். தெரியும்போது பலருக்கு ஒப்பரேஷன் வரை போகும். ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் இந்த நோயை விரட்டியது, பச்சை உள்ளுறுப்பு நாய் வாய்க்குப் போகாமல் தடுத்தும், நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தும்தான். இந்தப் புழுவுக்குப் பிராசிகுவான்டெல் என்ற மருந்து வேண்டும். கடையில் கிடைக்கிற எல்லாப் பூச்சி மாத்திரையிலும் அது இருக்காது. பெட்டியில் பெயர் பார்த்து, மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

சரி, சோறு நாய்க்கு ஆகாதா? சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாப்பொருளைச் சமிக்கச் செய்கிற அமிலேஸ் நொதியத்துக்கான பரம்பரை அலகு ஓநாயில் இரண்டு பிரதிதான், நாயில் 4 முதல் 30 வரை. மனிதனோடு சேர்ந்து அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டே நாயின் உடம்பு அப்படி மாறியிருக்கிறது. படுவான்கரையில் வயல் காவலுக்குப் படுக்கிற நாய்களைப் பாருங்கள், தலைமுறை தலைமுறையாகச் சோற்றிலும் மீனிலும் வளர்ந்தவை.

ரெக்ஸின் சொறிக்குக் காரணம் சோறே இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் வாலடி மயிரைப் பிரித்துக் காட்டினார். மிளகுத் தூள் தூவினதுபோல் கறுப்புத் துகள். அதை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்தினார், பஞ்சில் செம்மண் நிறம் பரவியது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். தெள்ளுக் கடி ஒவ்வாமை, அவ்வளவுதான். மருந்து போட்டு, அவன் படுக்கிற சாக்கை மாற்றி, ஒரு மாதத்தில் மயிர் முளைத்துவிட்டது. இரத்தம் பார்த்தே வாழ்ந்த நான் அந்தத் துகளைக் கவனிக்காமல் சாப்பாட்டை மாற்றப் போனேன். உங்கள் நாய் சொறிந்தால் முதலில் மயிரைப் பிரித்துப் பாருங்கள், பிறகு வைத்தியரிடம் போங்கள்.

இறைச்சியும் மீனும் நாய்க்குத் தேவைதான். சோறும் ஆணத்துத் தண்ணீரும் மட்டும் போட்டு வளர்ப்பதும் பிழை. இதில் என் மருமகன் சொன்னது சரி. ஆணம் மிஞ்சினதை ரெக்ஸுக்குப் போட்டேன் என்று மேலே எழுதினேனே, அதையும் இப்போது நிறுத்திவிட்டேன். அதில் இருக்கிற வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். இப்போது அவனுக்கென்று தனிச் சட்டி. சூடை அல்லது கீரி மீனை உப்பு, தூள் ஒன்றும் போடாமல் பிரஷர் குக்கரில், முள் விரலால் நசிகிற வரைக்கும் அவிப்பேன். முள் நசியாத மீன் என்றால் சதையை மட்டும் பிரித்தெடுப்பேன். அதோடு சோறு, ஒரு துண்டு பூசணிக்காய், கிழமையில் இரண்டு நாள் அவித்த கோழி ஈரல். கோழி வைத்தால் எலும்பை எடுத்துவிடுவேன். அவித்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். மீன் முள் இல்லாத நாட்களில் கல்சியத்துக்கு முட்டைக் கோதை அவித்துக் காயவைத்து மாவாக இடித்துப் போடுவேன். ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கும். எவ்வளவு போட வேண்டும் என்பதை நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற மாதிரி வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும், குட்டிகளுக்கு முக்கியமாக. கோழிக் கடைத் தம்பி இப்போதும் கழுத்துப் பையை எடுத்து நீட்டுகிறான். "நாய்க்கு இனி அவிச்சுத்தான் தம்பி" என்று சொல்லி ஈரலை மட்டும் வாங்கி வருகிறேன். அவனும் மற்றவர்களுக்கு அதையே சொல்கிறானாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். மிருக வைத்தியர் ஒருவரைக் கொண்டு, நம் ஊரில் கிடைக்கிற மீனையும் சோற்றையும் வைத்து நாய்க்கு நிறைவான சாப்பாடு செய்வது எப்படி என்று உங்கள் வாரப் பதிப்பில் எழுதச் செய்யுங்கள். நாயின் எடைக்கு ஏற்ற அளவோடு வேண்டும், படிப்பவர்கள் வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டி வைப்பார்கள். மற்றது, கோழிக் கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் மிஞ்சுகிற குடலையும் ஈரலையும் பையில் கட்டி ஆற்றோரத்திலும் வீதியோரத்திலும் எறிவதை உள்ளூராட்சி சபைகள் நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள். வேள்விக்கும் ஹஜ் பெருநாளுக்கும் கல்யாண வீட்டுக்கும் அறுக்கிற நாட்களில் உள்ளுறுப்புக் கழிவைத் தெருநாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள். நான் ரெக்ஸுக்கு அவித்துப் போட்டாலும், படலையைத் திறந்தால் அவன் ஓடுவது அந்தப் பைகள் கிடக்கிற இடத்துக்குத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.